ஆம்னி வேனில் அப்பா கடைப் பெயர்

கேள்வி: அப்பா ஓட்டிய 2009 மாடல் ஆம்னி வேனை இப்போது நான் ஓட்டுகிறேன். இரண்டு பக்கமும் எங்கள் மளிகை ஸ்டோர்ஸ் பெயர் நீல ஸ்டிக்கரில் இருக்கிறது. வெடித்து, ஓரமெல்லாம் சுருண்டுவிட்டது. பெயின்ட் போகாமல் உரித்துவிட்டு, அதே பெயரைப் புதிதாக ஒட்ட ஆசை. பிளேடால் சுரண்டலாமா, தின்னர் போடலாமா அண்ணே?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: இரண்டும் வேண்டாம் தம்பி. தின்னர் விஷயத்தில் நான் சூடு கண்ட பூனை. மஞ்சக்குப்பத்தில் ஸ்டிக்கர் கடை போட்ட புதிதில், ஒரு வாடகைக் காரின் கதவில் பசை போகவில்லையே என்று தின்னரில் துணியை நனைத்துத் தேய்த்தேன். துணி சிவந்துபோய் வந்தது. கார் சிவப்பு! பட்டறையில் மறுபடி பெயின்ட் அடித்த கதவு அது என்று எனக்குத் தெரியாது. கதவுக்குப் பெயின்ட் அடித்த செலவு என் தலையில் விழுந்தது.

அதனால் முதலில் உங்கள் வேனில் இருப்பது கம்பெனி பெயின்ட்தானா என்று பாருங்கள். அது அடுப்பில் சுட்ட பெயின்ட், லேசில் கிளம்பாது. பட்டறையில் பட்டி (நெளிவை நிரப்பப் பூசும் பசை) பார்த்து மறுபடி அடித்த இடத்தில் ஸ்டிக்கரோடு பெயின்டும் தோலாக உரிந்து வரலாம். ஃபிரிட்ஜ் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவில் நகர்த்திப் பாருங்கள். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் பிடிக்காது. கதவு ரப்பர் ஓரத்தில் பெயின்ட் தெறித்திருந்தாலும் சந்தேகப்படலாம். அப்படி இருந்தால் உரிக்கும் வேலையை அனுபவமுள்ளவரிடம் விட்டுவிடுங்கள்.

உரிப்பதற்கு முன் இன்னொரு வேலை. பழைய எழுத்தின் மேல் பட்டர் பேப்பரை வைத்து அப்படியே வரைந்துகொள்ளுங்கள். கதவுக் கைப்பிடியிலிருந்து முதல் எழுத்து எத்தனை சென்டிமீட்டர் என்றும் குறித்துவையுங்கள். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

காலையில், நிழலில், கழுவித் துடைத்த வண்டியில் ஆரம்பியுங்கள். தலைமுடி காயவைக்கும் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து அரை நிமிடம் சூடு காட்டுங்கள். கை வைத்தால் பொறுக்கிற சூடு போதும். நகத்தால் முனையைக் கிளப்பி, வெளியே இழுக்காமல், உரிந்த பகுதியை ஸ்டிக்கர் மேலேயே மடித்தபடி மெதுவாக இழுங்கள். இத்தனை வருடம் வெயில் பார்த்த வினைல் (ஸ்டிக்கரின் பிளாஸ்டிக் தாள்) முழுசாக வராது, நகமளவு நகமளவாகத்தான் வரும். அதற்குப் பழைய ஏடிஎம் கார்டு நல்ல ஆயுதம். என் டிராயரில் எட்டு கிடக்கிறது.

மிச்சப் பசை மேல் தேங்காய் எண்ணெய் தடவி கால் மணி நேரம் ஊறவிட்டுத் துடையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் நீலகிரித் தைலம். எதுவானாலும் கண்ணில் படாத மூலையில் ஒரு பொட்டு வைத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். கடைசியில் ஷாம்பு போட்டுக் கழுவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் ஒரு துடை. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் புது ஸ்டிக்கர் நிற்காது.

இப்போது பாருங்கள், ஸ்டிக்கர் போயிருக்கும், பெயர் போயிருக்காது! சுற்றியுள்ள பெயின்ட் வெயிலில் வெளுத்திருக்கும், எழுத்துக்கு அடியில் இருந்தது பழைய நிறத்திலேயே இருக்கும். ரப்பிங் காம்பவுண்ட் (பெயின்டை மெருகேற்றும் பசை) போட்டுத் தேய்த்தால் கொஞ்சம் மங்கும். முழுசாகப் போக்குகிறேன் என்று இறங்கினால் பெயின்டே தேய்ந்துவிடும். பட்டர் பேப்பர் இதற்குத்தான். அதே வடிவத்தில், சுற்றிலும் 2 மில்லிமீட்டர் பெரிதாக வெட்டச் சொல்லி, அந்தச் சுவட்டின் மேலேயே ஒட்டுங்கள். வேறு எழுத்து வடிவம் காட்டி ஆசை காட்டுவார்கள், மயங்காதீர்கள்.

ஒட்டும்போது தண்ணீரில் நாலு சொட்டு ஷாம்பு கலந்து தெளித்தால் ஸ்டிக்கரை நகர்த்திச் சரிசெய்ய முடியும். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளுங்கள். கடற்காற்று எழுந்த பிறகு வெளியில் வைத்து ஒட்டாதீர்கள். தேவனாம்பட்டினத்தில் ஒரு மணல் துகள் அடியில் போய் உட்கார்ந்து, ஒரு முழு எழுத்தை நான் மறுபடி வெட்டியிருக்கிறேன். ஒட்டி இரண்டு நாள் வண்டியைக் கழுவ வேண்டாம்.

இன்னொன்று: ‘ஸ்டோர்ஸ்’ என்பதில் மூன்று புள்ளி. தமிழ் ஸ்டிக்கரில் முதலில் பறப்பது புள்ளிதான். கொஞ்சம் பெரிதாக வெட்டச் சொல்லுங்கள். கூடவே நாலைந்து புள்ளி அதிகமாக வாங்கி ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.