ராமநாதபுரம் கடற்கரையில் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடினால் தங்கக் கட்டி கிடைக்குமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் டிடெக்டர் வைத்துத் தங்கக் கட்டி எடுக்கும் வீடியோக்களைத் தம்பி பார்த்திருக்கிறார். தனுஷ்கோடியிலும் கண்ணுக்கெட்டிய தூரம் மணல்தானே, 40,000 ரூபாய் கடன் வாங்கி ஒரு கருவி வாங்கலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம் தம்பி. கடன் வாங்கி நிச்சயமாக வேண்டாம்.

எனக்குச் சொந்த ஊர் பாம்பன். மேற்கு ஆஸ்திரேலியாவில் கல்கூர்லி பக்கம் ஒரு சுரங்கத்தில் கனரக லாரிகளுக்கு மெக்கானிக்காக நான்கு வருடம் இருந்தேன். இரண்டு வாரம் வேலை, ஒரு வாரம் ஓய்வு. அந்த ஓய்வு வாரங்களில் உடன் வேலை பார்த்த ஒரு பெரியவர் தன் டிடெக்டரைக் கையில் கொடுத்துப் பழக்கினார். நான்கு வருடத்தில் எனக்குக் கிடைத்தது மொத்தம் 14 கிராம். இரண்டு பவுன்கூட இல்லை.

வீடியோவில் பத்து நிமிடம் காட்டுவார்கள். நிஜத்தில் அது இப்படி இருக்கும். விடியற்காலையில் கிளம்ப வேண்டும். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் என்பதால் மே முதல் ஆகஸ்ட் வரையிலான அந்த ஊர்க் குளிர்காலம்தான் தோது. செம்மண் தரை, அங்கங்கே முல்கா மரங்கள். அவை நம்ம ஊர் உடைமரத்துக்குச் சொந்தக்காரர்கள், தூரத்திலிருந்து பார்த்தால் சாயல்குடிப் பக்கம் நிற்கிற மாதிரியே இருக்கும். ஹெட்போனில் ஒரு மெல்லிய ரீங்காரம் ஓடிக்கொண்டே இருக்கும். கருவியின் அடியில் இருக்கும் வட்டத் தட்டைத் தரையை ஒட்டி, அவசரப்படாமல், ஒரு வீச்சு மறு வீச்சின் மேல் ஏறும்படி இடம் வலமாக ஆட்ட வேண்டும். பெரிய சத்தத்துக்காகக் காத்திருந்தால் நல்லதையெல்லாம் தவற விடுவோம். அந்த ரீங்காரம் லேசாக வளைந்து நிமிரும், அவ்வளவுதான். அங்கே நின்று காலால் மேல்மண்ணைத் தள்ளிவிட்டு மறுபடி ஆட்டிப் பார்க்க வேண்டும். சத்தம் கூடினால் உள்ளே ஏதோ இருக்கிறது.

பெரும்பாலும் அது தங்கமாக இருக்காது. ஆணி, தகர டப்பாத் துண்டு, துப்பாக்கித் தோட்டாவின் ஈயம். இரும்பை, தோண்டும் கொத்தில் ஒட்டியிருக்கும் காந்தம் பிடித்துவிடும். ஈயம்தான் ஆளை ஏமாற்றும். தங்கமும் ஈயமும் கருவிக்கு ஏறக்குறைய ஒரே குரலில் பேசும். தோண்டிப் பார்க்காமல் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் தோண்ட வேண்டும், தோண்டிய குழியை மூடவும் வேண்டும். இது போக, இரும்புச் சத்து ஏறிய சில கற்களே தங்கம் போலக் கத்தும். அந்தச் செம்மண்ணே கருவிக்குப் பதில் சொல்லும் என்பதால் அடிக்கடி மண்ணுக்கு ஏற்பக் கருவியைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

என் முதல் தங்கம் ஏழாவது பயணத்தில் கிடைத்தது. நாலு விரல்கடை ஆழம். மண்ணை இரண்டாகப் பிரித்து, சத்தம் வரும் பாதியை மறுபடி பிரித்து, கடைசியில் உள்ளங்கையில் ஒரு கொத்தமல்லி விதை அளவுக்கு மஞ்சளாக ஒரு துளி. அரை கிராமுக்குக் கொஞ்சம் மேல். எச்சில் தொட்டுத் துடைத்தேன். மனிதக் கையே படாத பொருளை முதல் ஆளாகத் தொடும்போது உடம்பு சிலிர்த்துப் போகும். ஆகவே உங்கள் ஆசை எனக்கு நன்றாகவே புரிகிறது.

1980-ல் விக்டோரியா மாநிலத்தில் கிங்கோவர் என்ற ஊர் அருகே கெவின் ஹில்லியர் என்பவர் டிடெக்டர் வைத்து 27 கிலோ கட்டி ஒன்றை எடுத்தார். ஹேண்ட் ஆஃப் ஃபெய்த் என்று அதற்குப் பெயர். சுமார் ஓரடி ஆழத்தில்தான் கிடந்தது. இந்தக் கதையைச் சொல்லித்தான் எல்லோரும் கருவி வாங்குகிறார்கள்.

ஆனால் ஆஸ்திரேலியாவில் தங்கம் இப்படி மேலேயே கிடப்பதற்குக் காரணம் உண்டு. பாலைவனம் என்பதாலோ மணல் என்பதாலோ தங்கம் வருவதில்லை. நான் இருந்த கல்கூர்லியைச் சுற்றியுள்ள பாறைகள் 260 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. அந்தப் பாறைகளின் வெடிப்புகளில் வெள்ளைக் கற்களோடு தங்கம் படிந்தது. பிறகு பாறை மக்கி மண்ணாகி, லேசான மண்ணைக் காற்றும் எப்போதாவது வரும் வெள்ளமும் கொண்டுபோயின. தண்ணீரைவிட 19 மடங்கு கனமான தங்கம் அங்கேயே தங்கிவிட்டது. தாய்ப்பாறை பக்கத்தில் இருப்பதால்தான் கட்டி கட்டியாக மேலேயே கிடைக்கிறது. நம் பக்கத்தில் அப்படிப்பட்ட பழைய பாறை கோலாரில் இருக்கிறது. அங்கேயே மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம்வரை போய்த்தான் எடுத்தார்கள், 2001-ல் மூடியும் விட்டார்கள்.

நம் கரையை வைகையும் கடலும் காற்றும் சேர்ந்து கட்டியிருக்கின்றன. மணல், சிப்பி, பவளப்பாறை, சுண்ணாம்புக்கல். தங்கம் ஊறும் பாறை இங்கே இல்லை. எங்கிருந்தோ அடித்து வரும் மணலில் ஏதாவது இருந்தாலும் மாவு மாதிரித் துகளாகத்தான் இருக்கும். துகளை டிடெக்டர் காட்டாது.

அப்படியானால் இந்த மணலில் கருவிக்கு என்ன சிக்கும்? நான் ஊர் திரும்பும்போது சின்னக் கருவி ஒன்று வாங்கி வந்தேன். அரியமான் கரையில் ஆட்டிப் பார்த்தேன். உலர்ந்த மணலில் ஒழுங்காக இருந்தது. ஈர மணலுக்கு இறங்கியதும் உப்புத் தண்ணீரில் மின்சாரம் ஓடுவதால் கருவி ஓயாமல் கத்தத் தொடங்கியது. கருமணல் கோடுகள் மேலும் குழப்பின. கிடைத்தது எல்லாம் ஈயம். வலையின் அடிக்கயிற்றில் கோர்க்கும் ஈயக்குண்டு. பாலைவனத்தில் தோட்டா ஈயம், இங்கே வலை ஈயம், காதில் விழும் சத்தம் ஒன்றேதான். இந்தக் கரையில் எத்தனை தலைமுறையாக வலை இழுக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

தங்கமும் இருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. அக்னி தீர்த்தத்தில் குளிப்பவர்கள் விரலிலிருந்து நழுவிய மோதிரம் இருக்கும். இலங்கையிலிருந்து கடத்தி வந்து, படகு துரத்தப்படும்போது கடலில் வீசும் தங்கமும் உண்டு. 2023-ல் மண்டபம் கடலில் அப்படி வீசிய 17 கிலோவுக்கும் அதிகமான தங்கத்தை முக்குளித்து எடுத்தார்கள். அதைத் தேடி நீங்கள் கருவியோடு கரையில் நின்றால் கடத்தலில் பங்கு உண்டா என்றுதான் முதலில் விசாரிப்பார்கள், அதில் தப்பும் இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. அங்கே போகும் நினைப்பே வேண்டாம்.

அழகன்குளம் பக்கமும் வேண்டாம். ரோமானியக் காசுகள் கிடைத்த ஊர் அது. தொல்லியல் துறை அங்கே அடுக்கடுக்காக அளந்து தோண்டியிருக்கிறது. ஒரு காசு எந்த அடுக்கில், எந்தப் பானை ஓட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் கதையே இருக்கிறது. நாம் குழி பறித்துக் காசை மட்டும் எடுத்தால் கதை போய்விடும். சட்டமும் இருக்கிறது. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மண்ணில் புதைந்து கிடந்து எடுக்கும் பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவிலும் கையில் உரிமச் சீட்டு இல்லாமல் தேட முடியாது, அடுத்தவர் சுரங்கக் குத்தகை நிலம் என்றால் அவரிடம் அனுமதி வாங்க வேண்டும்.

அப்புறம் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் என் பாட்டியின் தங்கை குடும்பத்தோடு அங்கே இறந்துபோனவர். உடல் கிடைக்கவில்லை. அந்த மணலில் ஒரு கம்மலோ தாலிக்குண்டோ கிடைத்தால் அது யாருடையது? என்னால் அங்கே கருவியை இறக்க முடியாது. நீங்களும் இறக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் என் கருவியை இப்போது ஒரு வேலைக்குத்தான் எடுக்கிறேன். போன வருடம் மதினி கரையில் உட்கார்ந்து வலையிலிருந்து மீன் கழிக்கும்போது ஒரு காதுத் தோடு விழுந்துவிட்டது. கல்யாணத்துக்கு அவரின் அம்மா போட்டது. மறுநாள் சாயங்காலம் அவர் உட்கார்ந்த இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, கட்டம் கட்டமாகத் தேடினேன். முப்பத்தொரு ஈயக்குண்டு வந்தது. அடுத்து வந்தது தோடு, ஒரு சாண் ஆழத்தில். மதினி அதை முந்தானையில் துடைத்து அங்கேயே காதில் மாட்டிக்கொண்டார். ஈயக்குண்டுகளை அண்ணன் ஒரு சட்டியில் போட்டு வைத்திருக்கிறான், அடுத்த வலைக்கு ஆகும் என்று.

பாம்பன் பக்கம் வருவதாக இருந்தால் இங்கேயே சொல்லுங்கள் தம்பி. ஒரு சாயங்காலம் என் கருவியின் ஹெட்போனைக் காதில் மாட்டி நடந்து பாருங்கள், அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் எந்தக் கருவி வாங்கலாம் என்று பேசலாம்.