பிரதர்கள் எழுதிய கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் தூத்துக்குடி லசால் பள்ளியில் படித்தவன். இப்போது அரசுப் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருக்கிறேன். பள்ளியை நடத்திய எங்கள் பிரதர்கள் (கத்தோலிக்கத் துறவுச் சகோதரர்கள்) பூசை வைக்கமாட்டார்கள். அவர்கள் சாமியார்கள் அல்ல என்பதே பெரிய வகுப்புக்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஆனால் அவர்களுடைய துறவுச் சபையை நிறுவிய லசால் ஒரு குரு, அதாவது பூசை வைக்கும் பாதிரியார். அவர் ஏன் தன் சபையில் குருக்களே வேண்டாம் என்றார்? பணக்காரக் குருவானவர் வாத்தியார்களோடு வாழ இறங்கி வந்தது பெரிய தியாகம் என்று சிறு வயதில் கேட்டிருக்கிறேன். இன்னொன்றும் மனதில் இருக்கிறது. பாடம் சொல்லிக்கொடுக்கத் துறவு எதற்கு?

ஒரு வாசகர், தூத்துக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

'இறங்கி வந்தார்' என்பதிலிருந்தே தொடங்குகிறேன். ழான் பாப்டிஸ்ட் தெ லசால் தன் ஆரம்ப நாட்களைப் பற்றி எழுதிய நினைவுக்குறிப்பில் அப்படி ஒரு பெருமிதமும் இல்லை. அந்த ஆசிரியர்களைத் தன் வேலைக்காரனுக்கும் கீழாகத்தான் முதலில் எண்ணினேன் என்று ஒப்புக்கொள்கிறார். அவர்களோடு சேர்ந்து வாழவேண்டி வரும் என்று தெரிந்திருந்தால் இந்தக் காரியத்தையே விட்டிருப்பேன் என்கிறார். ஒரு புனிதர் தன்னைப் பற்றி இவ்வளவு நேராக எழுதியதைப் படித்தபோதுதான் எனக்கு அவர்மேல் அன்பு வந்தது.

பிரான்சின் ரெய்ம்ஸ் நகரில் 1651-இல் வசதியான குடும்பத்தின் மூத்த மகனாகப் பிறந்தவர். 15 வயதிலேயே அந்நகரப் பேராலயத்தின் கனோன் ஆனார். மரியாதையும் நிலையான வருமானமும் உள்ள பதவி அது. பெற்றோர் அடுத்தடுத்து இறந்துபோக, தம்பி தங்கையரை வளர்க்கும் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. 1678-இல் குருவானார். மறு ஆண்டு, ஏழைச் சிறுவர்களுக்குப் பள்ளி தொடங்க ரூவான் நகரிலிருந்து வந்த அத்ரியன் நியேலைச் சந்தித்தார். கொஞ்சம் உதவிவிட்டு ஒதுங்கிவிடலாம் என்றுதான் நினைத்தார்.

பள்ளிகள் திறப்பது நியேலுக்கு எளிதாக வந்தது; நிலைக்க வைப்பதுதான் வரவில்லை. ஆசிரியர்கள் அரைகுறைப் படிப்புக்காரர்கள், வேறு நல்ல வேலை கிடைத்தால் போய்விடுவார்கள். லசால் முதலில் அவர்களுக்கு வீடு பிடித்துக் கொடுத்தார். பிறகு தன் வீட்டில் சாப்பாடு போட்டார். 1681 ஜூன் 24 அன்று தன் வீட்டிலேயே தங்கவைத்தார். உறவினர்கள் கொதித்துப்போனார்கள். மறு ஆண்டு அவர் அந்தப் பெரிய வீட்டை விட்டு, ஆசிரியர்களோடு ஒரு வாடகை வீட்டுக்குப் போனார்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். நாளைக்கு என்ன ஆகுமோ என்று கலங்கிய ஆசிரியர்களிடம், வயல்வெளி மலர்களைப் பாருங்கள், கடவுள் பார்த்துக்கொள்வார் என்று நற்செய்தியைச் சொன்னார் லசால். அவர்கள் விடவில்லை. உங்களுக்குச் சொத்து இருக்கிறது, கனோன் பதவி இருக்கிறது, பள்ளி மூடினால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது, தெருவுக்கு வருவது நாங்கள்தான் என்றார்கள். லசாலிடம் பதில் இல்லை. அவர்கள் சொன்னது உண்மை என்று ஏற்றுக்கொண்டார். 1683-இல் கனோன் பதவியைத் துறந்தார். தம்பிக்குக் கொடு என்று குடும்பம் கேட்டும், ஓர் ஏழைக் குருவுக்கே கொடுத்தார். அடுத்து வந்த பஞ்சத்தில் தன் சொத்தை ரெய்ம்ஸ் ஏழைகளுக்கு ரொட்டியாகக் கொடுத்துத் தீர்த்தார். பள்ளிகளுக்கென்று முதல் வைக்கவில்லை. இதைத் தியாகம் என்று நீங்கள் சொன்னால் மறுக்கமாட்டேன். ஆனால் அதை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அந்த வாத்தியார்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. அந்த ஆசிரியர் கூட்டமே பிறகு சகோதரர்களின் சபையானது, உங்கள் பிரதர்களின் சபை. தனக்குப் பின் சபையை நடத்துவார் என்று நம்பி, ஆன்றி லெரோ என்ற சகோதரரைக் குருத்துவப் படிப்புக்கு ஆயத்தம் செய்தார் லசால். குருப்பட்டம் பெறுமுன்பே 1690-இல் லெரோ இறந்துபோனார். அதைக் கடவுளின் அடையாளமாக எடுத்துக்கொண்டார் லசால். குருவான ஆசிரியரைப் பூசைப் பீடமும் பங்குக் கோயிலும் இழுக்கும், வகுப்பறை இரண்டாம் இடத்துக்குப் போகும். கரும்பலகை முன் நிற்பதே முழு அழைத்தல், அதற்கு மேல் ஏறவேண்டிய படி எதுவும் இல்லை என்பதுதான் அந்த முடிவின் பொருள் என்று நான் நினைக்கிறேன். 1694-இல் அவரும் 12 சகோதரர்களும் நிரந்தர வார்த்தைப்பாடு (துறவு உறுதிமொழி) கொடுத்தார்கள். அவரையே தலைவராகத் தேர்ந்தெடுத்துவிட்டு, இவருக்குப் பின் எந்தக் குருவும் எங்களுக்குத் தலைவராகக் கூடாது என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள்.

குருக்களின் மொழியான லத்தீன் தெரிந்த சகோதரர்கள்கூட அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது சபை விதி. அன்றைய பள்ளிகளில் பிள்ளைகள் லத்தீனில்தான் வாசிக்கத் தொடங்கினார்கள். ஏழைப் பிள்ளை சீக்கிரமே வேலைக்குப் போய்விடுவான், லத்தீனும் முடியாது, பிரெஞ்சும் வராது, ஆகவே பேசும் மொழியில் முதலில் வாசிக்கட்டும் என்று லசால் ஓர் ஆயரிடமே (பிஷப்பிடமே) வாதாடினார். தாய்மொழிக் கல்விக்காக இன்னும் வாதாடிக்கொண்டிருக்கும் நமக்கு இது பழைய செய்தி அல்ல.

கற்பிக்கத் துறவு தேவையா? எல்லாருக்கும் தேவை என்று அவரே நினைக்கவில்லை. தன் சகோதரர்களை எங்கும் தனியாக அனுப்பமாட்டார். ஒரு சிற்றூரால் இரண்டு ஆசிரியர்களைத் தாங்க முடியாது. அதனால் துறவியல்லாத கிராமத்து ஆசிரியர்களுக்கென்று ரெய்ம்ஸில் தனிப் பயிற்சிக்கூடம் நடத்தினார். சகோதரர்களுக்குச் சபை தந்தது நிலைத்து நிற்கும் துணிவு. 1691-இல் அவரும் இரு சகோதரர்களும், பிச்சையெடுத்து வெறும் ரொட்டியில் வாழ நேர்ந்தாலும் இந்தப் பள்ளிகளைக் கைவிடமாட்டோம் என்று நேர்ந்துகொண்டார்கள்.

அவருடைய பள்ளிக் கையேட்டில் உள்ள எல்லாவற்றையும் என்னால் ஏற்க முடியாது. எத்தனையோ கட்டுப்பாடுகளோடுதான் என்றாலும் அடிக்க இடம் கொடுக்கிறது. அதை அந்தக் காலம் என்று சொல்லித் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாக, உங்கள் பிரதர்கள் உங்களிடம் சொன்னார்களா என்று நான் கேட்க விரும்புவது ஒன்று உண்டு. 1712-இல் ஒரு வழக்கில் அவமானப்பட்டு, பாரிஸை விட்டுத் தெற்கே போனார் லசால். தன்னால்தான் சபைக்குக் கேடு என்று எண்ணி ஒதுங்கியிருந்தார். 1714 ஏப்ரல் 1 அன்று பாரிஸ் பகுதிச் சகோதரர்கள் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். கெஞ்சவில்லை. நீங்கள் கீழ்ப்படிவதாக வார்த்தைப்பாடு கொடுத்த இந்தச் சபையின் பெயரால் கட்டளையிடுகிறோம், உடனே வந்து பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள் என்று எழுதினார்கள். வேலைக்காரனுக்கும் கீழாக அவர் ஒருகாலத்தில் எண்ணிய அதே வாத்தியார் இனம். ஆகஸ்ட் 10 அன்று அவர் பாரிஸ் வந்து சேர்ந்தார். வந்துவிட்டேன், நான் என்ன செய்யவேண்டும் என்று அவர்களிடம் கேட்டார்.

1717-இல் பார்த்தலெமி என்ற சகோதரர் தலைவரானார். ரூவானில் அவருக்குக் கீழ்ப்படிந்து வாழ்ந்த லசால், 1719 ஏப்ரல் 7, பெரிய வெள்ளியன்று இறந்தார்.

அன்புடன்.