வெள்ளைக் கிச்சனுக்கு நிறம் சேர்க்க 4 லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: கோவையில் 2 வருடம் முன்பு ஃபிளாட் வாங்கினோம். பில்டர் போட்டுக் கொடுத்த மாடுலர் கிச்சன் மேடை முதல் பரண் வரை பளபள வெள்ளை. எல் வடிவ மேடை, மொத்தம் 14 அடி. ‘ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு’ என்கிறார் மாமியார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. மர நிறமும் செங்கல் நிறமுமாக மாற்றித் தர ஓர் இன்டீரியர் நிறுவனம் 4 லட்சம் கேட்கிறது. 14 சதவீத வட்டியில் 4 வருடக் கடனும் அவர்களே ஏற்பாடு செய்வார்களாம், வரிச்சலுகையும் கிடைக்குமாம். கணவர் 2.4 லட்சம் ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைக்கலாம் என்கிறார். அம்மா நகையை அடகு வை என்கிறார். இருவருக்கும் சேர்த்துக் கைக்கு வரும் சம்பளம் 1,12,000. கணவர் பெயரில் வீட்டுக்கடன் இ.எம்.ஐ. 41,000, கார் 11,500, வீட்டுச் செலவு 45,000, மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் எஸ்.ஐ.பி. 8,000. எந்த வழி நல்லது? இன்னொன்று, அக்னி மூலைக் கிச்சனுக்கு வெள்ளை ஆகாது என்றும் மாமியார் சொல்கிறார்.

பதில்: மூன்று வழியுமே வேண்டாம். அதற்காகக் கிச்சனை அப்படியே விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். காலையில் எழுந்ததும் போய் நிற்கிற இடம் பிடிக்கவில்லை என்றால் அதற்குச் செலவு செய்வதில் தப்பே இல்லை.

முதலில் உங்கள் கணக்கு. எல்லாம் போக மாதம் கையில் நிற்பது 6,500. நிறுவனம் சொல்லும் கடனுக்கு மாத இ.எம்.ஐ. சுமார் 10,930. இடிக்கிற 4,430 எங்கிருந்து வரும்? எஸ்.ஐ.பி.யில்தான் கை வைப்பீர்கள். 4 வருடத்தில் கட்டி முடிக்கும்போது மொத்தம் 5,24,000-க்கு மேல் போயிருக்கும், அதில் வட்டி மட்டும் ஏறக்குறைய 1,25,000. பிராசஸிங் கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் தனி. இப்போதே சம்பளத்தில் 47 சதவீதம் இ.எம்.ஐ.க்குப் போகிறது. இதையும் சேர்த்தால் 57-ஐத் தொடும்.

வரிச்சலுகை என்பது விற்பனைப் பேச்சு. புதிய வரி முறையில், குடியிருக்கும் சொந்த வீட்டுக் கடன் வட்டிக்குக் கழிவே கிடையாது. பழைய முறையில் பழுதுபார்ப்பு, புதுப்பிப்புக் கடன் வட்டிக்கு வருடம் 30,000 வரை உண்டு, ஆனால் அதுவும் வீட்டுக்கடன் வட்டிக்கான 2 லட்சம் வரம்புக்குள்தான். 41,000 இ.எம்.ஐ. கட்டும் உங்கள் கணவருக்கு அந்த 2 லட்சம் வீட்டுக்கடனிலேயே நிரம்பியிருக்கும்.

டெபாசிட்டை உடைத்தால் வட்டியில் கொஞ்சம் குறைப்பார்கள், அது பெரிய விஷயம் இல்லை. எஸ்.ஐ.பி. நீங்கலாகவே உங்கள் மாதச் செலவு 97,500. அந்த 2.4 லட்சம் இரண்டரை மாதத்துக்குத்தான் தாங்கும். அவசரத்துக்கு வேறு எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. அதைக் கிச்சன் கதவாக மாற்றிவிட்டால் ஆத்திர அவசரத்துக்குக் கதவையா விற்க முடியும்? நகைக்கடனில் வட்டி குறைவுதான். ஆனால் வட்டியை மட்டும் கட்டி வருடாவருடம் திருப்பி வைக்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அசல் அப்படியே நிற்கும், நகை வீட்டுக்கு வராது.

சரி, கிச்சனுக்கு வருவோம். ஆஸ்பத்திரி மாதிரி இருப்பதற்குக் கதவின் வெள்ளையை விட மேலே எரிகிற விளக்கே முக்கியக் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம். ஃபிளாட்டுகளில் பெரும்பாலும் 6500 கெல்வின் எல்.இ.டி. டியூப்தான் மாட்டிக் கொடுக்கிறார்கள். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண், டியூபிலோ பெட்டியிலோ போட்டிருக்கும், பாருங்கள். அது நீலம் கலந்த வெள்ளை. பளபள வெள்ளைக் கதவு அதை அப்படியே திருப்பி அடிக்கும். அந்தக் காலக் குண்டு பல்பின் மஞ்சள் சுமார் 2700 கெல்வின். மேல் அலமாரிகளுக்கு அடியில் 3000 கெல்வின் எல்.இ.டி. ஸ்டிரிப் ஓட்டுங்கள், காய் நறுக்கும் இடத்தில் வெளிச்சம் நேராக விழும். அரிசியில் கல் பார்க்க மஞ்சள் வெளிச்சம் சரிப்படாது என்றால் மேலே மட்டும் 4000 கெல்வின் போதும். நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதற்கான அளவு சி.ஆர்.ஐ., அது 90-க்கு மேல் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள், தக்காளி தக்காளி நிறத்தில் தெரியும். எலெக்ட்ரீஷியன் கூலியோடு 5,000-க்குள் முடிக்கப் பாருங்கள்.

விளக்கை மாற்றிய பிறகுதான் பெயிண்ட். இந்த வரிசையை மாற்றி நானே காசைக் கரைத்திருக்கிறேன். கடையில் கையகல அட்டையைப் பார்த்துச் செங்கல் நிறம் என்று ஒன்றை வாங்கி அடித்தேன். வீட்டு டியூப்லைட்டில் அது அழுக்கு ரோஸாகத் தெரிந்தது. இரண்டே மாதத்தில் மறுபடி அடித்தோம். சின்ன டப்பா வாங்கி இரண்டடி சதுரத்துக்கு அடித்து, காலை வெயிலிலும் இரவு விளக்கிலும் ஒரு வாரம் பாருங்கள். துடைக்கக்கூடிய எமல்ஷனாக இருக்கட்டும், தாளிக்கிற வீடு. ஒரே ஒரு சுவர் போதும்.

காசே இல்லாத வேலை ஒன்றும் இருக்கிறது. அம்மா வீட்டுப் பரணில் பித்தளைத் தவலையோ செம்புக் குடமோ தூங்கிக்கொண்டிருந்தால் எடுத்து வந்து புளி போட்டுத் தேய்த்து வையுங்கள். வெள்ளைக்கு முன்னால் பித்தளை எடுப்பாகத் தெரிவது போல எந்த லாமினேட்டும் தெரியாது. மசாலா டப்பாக்களை மூடி ஒளிக்காமல் ஒரு மரப் பலகையில் வரிசையாக வைத்தால் மிளகாய்த்தூளும் மஞ்சள்தூளுமே நிறம்தான்.

ஆத்தங்குடி டைல்ஸ் பதிக்கச் சொல்லி யாராவது ஆசை காட்டுவார்கள். அழகுதான், தரையில். அது சுடாத சிமென்ட் டைல். எண்ணெயையும் மஞ்சளையும் குடிக்கும், எலுமிச்சையும் புளியும் பட்டால் தடம் விழும். அடுப்புக்குப் பின்சுவரில் வேண்டாம்.

இதெல்லாம் உங்கள் இரண்டு மாத மீதியில், 13,000-க்குள் அடங்கிவிடும். அப்புறம் 6 மாதம் அந்த 6,500-ஐ டெபாசிட்டில் சேருங்கள். அதற்குப் பிறகும் கதவு நிறம் உறுத்தினால் கீழ்வரிசைக் கதவுகளை மட்டும் மாற்றுங்கள். உங்கள் 14 அடி மேடைக்குக் கீழே கதவுப் பரப்பு சுமார் 32 சதுர அடிதான் வரும். இரண்டு வருடப் பெட்டிகள் நன்றாகத்தான் இருக்கும், கீலைக்கூட மறுபடி பயன்படுத்தலாம். மேல்வரிசை வெள்ளையாகவே இருக்கட்டும், அறை இருட்டாகாது.

அந்த 4 லட்சம் கொட்டேஷனைப் பிரித்துத் தரச் சொல்லுங்கள்: ஷட்டர், அதாவது அலமாரிக் கதவு, சதுர அடி என்ன விலை, பழைய பெட்டிகளையும் தூக்கிவிட்டுப் புதிதாகப் போடுகிறார்களா, டைல்ஸ் உடைக்கும் கூலி எவ்வளவு. கீழ்வரிசை ஷட்டருக்கு மட்டும் இரண்டு ஆசாரிகளிடமும் விலை கேளுங்கள். 50,000-க்குள் வந்தால் போனஸில் செய்யுங்கள், தாண்டினால் தள்ளிப்போடுங்கள். கதவைக் கழற்றும் முன் பில்டர் கொடுத்த வாரண்டி தாளை ஒருமுறை படித்துவிடுங்கள்.

அக்னி மூலை பற்றி எனக்குத் தெரியாது, அது என் தொழில் இல்லை. ஒரு சுவர் செங்கல் நிறமானால் மாமியார் அதையே அக்னிக் கணக்கில் சேர்த்துக்கொள்வார் என்று நினைக்கிறேன்.