துணியை எங்கே காயப்போட்டார்கள்?

கேள்வி: சோப்பு, ஷாம்பு, நாப்கின் எதுவுமே இல்லாத காலத்தில் நம் பாட்டிமார்கள் சுத்தமாகவும் லட்சணமாகவும் இருந்தார்கள். இன்றைய பெண்களுக்கு மட்டும் ஏன் மாதாமாதம் இவ்வளவு செலவு? பழைய முறைக்கே திரும்பிவிட்டால் என்ன? (வாசகர் ஒருவர், திண்டுக்கல்)

பதில்: திரும்பலாம். ஆனால் பாட்டிமார்கள் நமக்குச் சொன்னது பாதிக் கதைதான். மீதியையும் தெரிந்துகொண்டு கேட்டால் உங்கள் கேள்வியே மாறிவிடும் என்று நினைக்கிறேன்.

சீயக்காயிலிருந்து தொடங்குவோம். அதில் சபோனின் என்ற பொருள் இருக்கிறது. தண்ணீரில் நுரைக்கும், எண்ணெய்ப் பிசுக்கை இழுத்துக்கொண்டு போகும். கொங்குப் பக்கம் இதே வேலையை அரப்புத் தூள் செய்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை, நானும் வாரம் ஒருமுறை சீயக்காய்தான் தேய்க்கிறேன். ஆனால் அந்தத் தூள் எப்படி வந்தது என்று பாருங்கள். காயை நாலைந்து நாள் வெயிலில் காயவைக்க வேண்டும். வெந்தயம், பச்சைப் பயறு, பூலாங்கிழங்கு, எலுமிச்சைத் தோல் எல்லாவற்றையும் தனித்தனியாக உலர்த்த வேண்டும். மில் வருவதற்கு முன் உரலில் போட்டு இடித்துச் சலித்தது பெண்கள்தான். அந்தத் தூசி மூக்கில் ஏறினால் அரை நாளைக்குத் தும்மல் நிற்காது. அப்புறம் வெள்ளிக்கிழமை விடிவதற்குள் கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் இறைத்து, விறகு வைத்துக் காய்ச்சி, வீட்டிலிருக்கும் நாலு பெண்களின் தலைக்கும் நல்லெண்ணெய் தேய்த்து, வடித்த கஞ்சியில் தூளைக் கரைத்துக் குளிப்பாட்டி முடிப்பதற்குள் சமையலுக்கு நேரமாகிவிடும். செலவில்லை என்கிறீர்கள். காசு செலவாகவில்லை, அவ்வளவுதான். பெண்களின் பொழுது செலவானதை யாரும் கணக்கெழுதவில்லை.

வசதியுள்ளவர்களுக்கு வேறு வழி இருந்தது. சிலப்பதிகாரத்தில், ஊடியிருக்கும் கோவலனை மகிழ்விக்க மாதவி தன்னை அலங்கரித்துக்கொள்ளும் இடத்தைப் படித்துப் பாருங்கள். பத்து வகைத் துவர்ப்புப் பொருள், ஐந்து வகை விரை என்னும் வாசனைப் பொருள், முப்பத்திரண்டு வகை ஓமாலிகை என்னும் மணப்பொருள், ஆக 47 பொருள்கள் ஊறிய நீரில் கூந்தலை அலசுகிறாள். புகையில் உலர்த்துகிறாள். கூந்தலை வகைவகையாகப் பிரித்துக் கஸ்தூரிக் குழம்பு பூசுகிறாள். அழகுக்கலை இங்கே எவ்வளவு தூரம் வளர்ந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அதே காப்பியத்தில் கண்ணகியைப் பாருங்கள். கணவன் பிரிந்ததும் அவள் கண் மையை மறக்கிறது, கூந்தல் எண்ணெயை மறக்கிறது, நெற்றி திலகத்தை மறக்கிறது. கணவன் அருகில் இருந்தால்தான் அழகு செய்துகொள்ளலாம். அவன் இறந்துவிட்டால் மஞ்சள், பூ, பொட்டு எதுவும் கிடையாது, சில சாதிகளில் தலைமுடியும் கிடையாது. பதினைந்து வயதில் தாலி அறுத்தவளும் உங்கள் 'பாட்டிமார்கள்' கணக்கில்தான் வருகிறாள். அவளிடம் லட்சணத்தின் ரகசியம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்?

இயற்கையாகக் கிடைப்பதால் தீங்கில்லை என்பதும் சரியல்ல. எங்கள் அத்தை விளக்கெண்ணெய் விளக்கின் மேல் பித்தளைத் தட்டைக் கவிழ்த்து வைத்து, படிந்த புகையைக் கோழி இறகால் வழித்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் குழைத்து மை எடுப்பார். வெறும் கரிதான். ஆனால் வட நாட்டிலும் அரபு நாடுகளிலும் தலைமுறை தலைமுறையாகப் போட்டுவந்த சுர்மா என்ற கண் மையில் பெரும்பாலும் இருந்தது ஈயக் கனிமம். அதுவும் மண்ணில் கிடைப்பதுதான். இங்கிலாந்தில் முகம் வெளுக்க ஈய வெள்ளையைப் பூசினார்கள். அழகுக்குப் பேர்போன கவென்ட்ரி சீமாட்டி மரியா 1760-இல் இறந்தபோது வயது 27. அந்தப் பூச்சுதான் உயிரைக் குடித்தது என்று அன்றே பேசிக்கொண்டார்கள். எனவே பழையதா புதியதா என்று பார்த்தால் போதாது. உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

இனி நாப்கினுக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் சோப்பு, ஷாம்புக்குப் பக்கத்தில் அதையும் எழுதியிருக்கிறீர்கள். அது அழகு சாதனம் அல்ல, ஐயா. முதலில் அதை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

நாப்கின் இல்லாத காலத்தில் இருந்தது துணி. நைந்த வேட்டி, கிழிந்த சேலை. ஒரு முழம் கிழித்து நாலாக எட்டாக மடித்து, இடுப்பில் கட்டிய கயிற்றில் முன்னும் பின்னும் செருகிக்கொள்வார்கள். நனைந்தால் கனக்கும். காய்ந்தால் ஓரம் விறைத்து, நடக்க நடக்கத் தொடையை அறுக்கும். அதோடுதான் நாற்று நட்டார்கள், களை எடுத்தார்கள். துவைப்பது இருட்டில், எல்லோரும் எழுவதற்கு முன். காயப்போடுவது அதைவிடப் பாடு. ஆண்கள் கண்ணில் படக்கூடாது. பாம்பு அந்தத் துணியைத் தாண்டினால் பிள்ளை பிறக்காது என்று ஒரு பயம் வேறு. எங்கள் பாட்டி வீட்டில் மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால், கூரைச் சரிவுக்கு அடியில் ஒரு கயிறு இருந்தது. அதில் ஒரு பழைய பாவாடை எப்போதும் தொங்கும். அதை யாரும் உடுத்தி நான் பார்த்ததில்லை. வயதுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது, அந்தப் பாவாடைக்கு உள்ளே துணிகள் காய்கின்றன என்று. வெயிலே படாது. மழைக்காலத்தில் ஈரம் போகாமலே மறுபடி கட்டிக்கொள்வார்கள். அரிப்பு, புண், வெள்ளைப்படுதல் எது வந்தாலும் வாய் திறக்கமாட்டார்கள். 'சுத்தமாக இருந்தார்கள்' என்று நீங்கள் சொல்லும்போது எனக்கு அந்தப் பாவாடைதான் கண்ணில் நிற்கிறது.

பல ஊர்களில் அந்தத் துணியை வெளுத்தது வேறு கைகள். மாதவிடாய்க்கும் பிரசவத்துக்கும் வெளுத்த துணியைக் கொண்டுவந்து 'மாத்து' கொடுப்பதும், தீட்டுத் துணியை எடுத்துப் போவதும் வண்ணாத்தி வேலை. தலித் குடும்பங்களுக்கு வெளுத்தவர்கள் புதிரை வண்ணார். உவர்மண்ணும் வெள்ளாவியும் கொண்டு ஊரையே சுத்தமாக்கிய அந்தப் பெண்களுக்குக் கூலி பல இடங்களில் வீடு வீடாகப் போய் வாங்கிய சோறுதான். ஊரின் அழுக்கை எடுத்தவர்களைத்தான் ஊர் தீண்டாமல் ஒதுக்கிவைத்தது. பழைய முறை என்றால் இதுவும் சேர்ந்ததுதான்.

மாதவிடாய் நாளில் பெண்ணை ஒதுக்கிவைப்பதும் நேற்று வந்ததல்ல. புறநானூற்றின் 299-ஆம் பாட்டில், போரில் ஒதுங்கி நிற்கும் குதிரைகளுக்குப் பொன்முடியார் சொல்லும் உவமை, முருகன் கோயிலில் மாதவிடாய் காரணமாகக் கலம் தொடாமல் விலகி நிற்கும் பெண்கள். எத்தனை நூற்றாண்டாக விலகி நிற்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

முடிந்துபோன கதை என்றும் நினைக்காதீர்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 24 வயதுள்ள இந்தியப் பெண்களில் பாதிப்பேர் மாதவிடாய்க்குத் துணி பயன்படுத்துவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சிலர் நாப்கினும் துணியும் மாற்றி மாற்றி வைக்கிறார்கள். கோவையில் முருகானந்தம் மலிவான நாப்கின் இயந்திரம் செய்ய இறங்கியதே, தன் மனைவி ஒளித்து வைத்திருந்த துணியைப் பார்த்த பிறகுதான். நாப்கினுக்கு இருந்த 12 சதவீத ஜிஎஸ்டி 2018-இல்தான் நீங்கியது, அதுவும் பெண்கள் கேட்டுக் கேட்டு.

துணியே கெட்டது என்று நான் சொல்லவில்லை. நல்ல பருத்தித் துணியைச் சோப்புப் போட்டு அலசி நல்ல வெயிலில் காயவைத்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். குப்பையும் சேராது, செலவும் குறையும். கெடுதல் செய்தது துணி அல்ல, அதை ஒளித்து வைத்ததுதான்.

ஆகவே பழைய முறைக்குத் திரும்ப வேண்டும் என்றால், சீயக்காயை வாங்கி நீங்களே காயவைத்து அரைத்து வாருங்கள். உங்கள் வீட்டுப் பெண்கள் துணிதான் வேண்டும் என்று சொன்னால், மொட்டை மாடியில் நல்ல வெயில் விழும் கொடியை அதற்குக் கொடுங்கள். அக்கம்பக்கத்தார் பார்க்கிற கொடியாக இருக்கட்டும். மழை தூறினால் நீங்களே ஓடிப்போய் எடுத்து வாருங்கள்.