'இண்டிகா' குழப்பம்: ஸ்கங்க் நம்பர் 1 வம்சப் படம்

ஸ்கங்க் நம்பர் 1 என்ற கஞ்சா கலப்பின வகையின் ஆப்கன் பெற்றோரை 'இண்டிகா' என்கிறார்கள், பிரெஞ்சுத் தாவரவியலாளர் லாமார்க்கின் இண்டிகாவோ இந்தியச் செடி, எது சரி என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் சரிதான், பெயர் ஒன்று, செடிகள் வேறு.

1785-இல் லாமார்க் பெயரிட்டது இந்தியாவிலிருந்து வந்த ஒல்லி இலைச் செடிக்கு. 1970-களில் அமெரிக்கத் தாவரவியலாளர் ரிச்சர்ட் ஷல்டெஸ் ஆப்கானிஸ்தானில் பார்த்த குட்டையான, அகல இலைச் செடிக்கும் அதே பெயரை வைத்தார். விதை வியாபாரிகள் பிடித்துக்கொண்டது இதைத்தான்.

அதனால் 'இண்டிகா' என்று வரும் இடத்திலெல்லாம் இலை வர்ணனையையும் ஊர்ப் பெயரையும் பாருங்கள். படத்தில் ஊரையே எழுதிவிடலாம்: ஆப்கன், மெக்சிகோ, கொலம்பியா.

ஒன்று, இந்த மூன்று பெற்றோர் கணக்கும் கலப்பினம் செய்தவர்கள் சொன்னதுதான். அதனால் படத்தில் பெற்றோரை இணைக்கும் கோடுகளைப் புள்ளிக்கோடாகவே போடுங்கள்.