மூன்று டிப்ஸும் பலித்தது. 3 லட்சம் போடலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். பச்சை இலையை ஃபேக்டரிக்குப் போடுகிறேன். வயது 46. சின்ன வயதில் அப்பாவோடு ஊட்டி ரேஸ் பார்த்த பழக்கம் உண்டு. போன மாதம் ஒருவர் வாட்ஸ்அப்பில் மூன்று டிப்ஸ் இலவசமாக அனுப்பினார். மூன்று குதிரையும் ஜெயித்தன. லாயத்திலேயே அவருக்கு ஆள் இருக்கிறதாம். மாதம் 15,000 ரூபாய் கட்டினால் தொடர்ந்து தருவாராம். ரேஸ் சூதாட்டம் இல்லை, திறமை என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டதே, விவரம் தெரிந்து ஆடுவதில் என்ன தப்பு? கையில் 3 லட்சம் இருக்கிறது. நகைக் கடன் 1,80,000 பாக்கி.

பதில்: ஊட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் எதிரே குதிரை ஓடுவதை நானும் வாய் பிளந்து பார்த்தவன்தான். 2024-ல் அரசு அந்த நிலத்தை எடுத்துக்கொண்டது. ஆசை மட்டும் செல்போனுக்குக் குடிபோய்விட்டது போலிருக்கிறது.

தீர்ப்பைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. பந்தயம் கட்டுவதைத் தடுக்க 1974-ல் தமிழக அரசு கொண்டுவந்த சட்டம் பற்றிய வழக்கில், குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமை சார்ந்தது என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. குதிரையின் வம்சம், சுமக்கும் எடை, ஜாக்கி, தரையின் ஈரம் எல்லாவற்றையும் படித்து ஒருவர் மற்றவரை முந்தலாம். அதில் அநியாயம் ஒன்றும் இல்லை. பில் பென்டர் என்ற அமெரிக்கர் ஹாங்காங்கில் கணினியில் கணக்குப் போட்டே பெரும்பணம் பார்த்தார். அவருக்கே ஆரம்பத்தில் நஷ்டம்தான். ஆனால் அது அவரே உழைத்துச் சேர்த்த திறமை. உங்களுக்கு விற்க வருவது வேறு சரக்கு.

அந்த மூன்று டிப்ஸை எடுத்துக்கொள்வோம். ஒரு ரேஸில் எட்டுக் குதிரை என்று வையுங்கள். 512 பேரின் நம்பரை எட்டாகப் பிரித்து, ஆளுக்கொரு குதிரை என்று அனுப்பினால் 64 பேருக்குப் பலிக்கும். அந்த 64 பேரை மறுபடி எட்டாகப் பிரித்தால் அடுத்த ரேஸில் எட்டுப் பேருக்குப் பலிக்கும். மூன்றாவது ரேஸ் முடிந்ததும் ஒருவர் மிச்சம் இருப்பார். அவருக்கு இவர் தெய்வம். மற்ற 511 பேர் பிளாக் செய்துவிட்டுப் போயிருப்பார்கள். அவர்களை உங்களுக்குத் தெரியாது. உங்களிடம் வந்தவர் இப்படித்தான் செய்தார் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. குதிரையைப் பற்றி ஒரு எழவும் தெரியாமலே இதைச் செய்ய முடியும் என்கிறேன்.

சரி, நிஜமாகவே லாயத்தில் ஆள் இருக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். டோட் என்ற ரேஸ் கிளப்பின் பொதுப் பந்தயக் கவுண்டரில் நீங்கள் கிளப்பை எதிர்த்து ஆடுவதில்லை. எல்லோரும் கட்டிய பணம் ஒரே குவியலாகச் சேர்ந்து, கழிவு போக ஜெயித்தவர்களுக்குப் பிரிகிறது. ஒரே குதிரையில் நூறு பேர் கூடுதலாகக் கட்டினால் பங்கு சுருங்கும். தன் கணக்கில் பந்தயம் வாங்கும் புக்கியும் விலையை, அதாவது ஜெயித்தால் தரும் மடங்கை, குறைத்துவிடுவார். நல்ல டிப்ஸ் கையில் உள்ளவன் அதை ஊருக்கு விற்பானா? தவிர, அப்படி உள்ளிருந்து சேதி வாங்கிக் கட்டுவது, ரேஸ் புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து கட்டுகிறவரின் பையில் கைவைப்பது. ஜாக்கிகள் பந்தயம் கட்டக் கூடாது என்ற விதி இருப்பதே இதனால்தான்.

அப்புறம் விலைக் கணக்கு. ஐந்து குதிரைகள் ஓடும் ரேஸில் புக்கி முதல் குதிரைக்கு 2-க்கு 1 (1 ரூபாய் கட்டி ஜெயித்தால் 2 ரூபாய் லாபம், கட்டியதும் திரும்பும்), அடுத்ததற்கு 3-க்கு 1, அடுத்த இரண்டு குதிரைகளுக்கும் 4-க்கு 1, கடைசிக்கு 5-க்கு 1 கொடுக்கிறார் என்று வையுங்கள். எது வந்தாலும் 100 ரூபாய் கைக்கு வரும்படி ஐந்திலும் கட்ட, 33, 25, 20, 20, 17 என்று சுமார் 115 ரூபாய் ஆகும். 100 கட்டினால் சராசரியாக 87 திரும்பும். இதற்கு மேல் ஜிஎஸ்டி. கட்டும் முழுத் தொகைக்கும் 28 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். ஆக 140 ரூபாய் எடுத்துவைத்து 87-க்குக் காத்திருக்கிறீர்கள். இந்தப் பள்ளத்தை ஏறி வந்த பிறகுதான் உங்கள் திறமைக்கு லாபம்.

வருமான வரி இன்னும் மோசம். ரேஸில் ஜெயித்த தொகைக்கு 30 சதவீதம், செஸ் சேர்த்து 31.2. தோற்ற பணத்தை அதில் கழிக்க முடியாது. வருடத்தில் 2 லட்சம் ஜெயித்து 2.5 லட்சம் தோற்றாலும் 62,400 ரூபாய் வரி கட்ட வேண்டும். டிப்ஸுக்குக் கொடுத்த 15,000-மும் செலவுக் கணக்கில் வராது. இத்தனைக்கும் நீங்கள் பச்சை இலை விற்று வாங்கும் பணம் விவசாய வருமானம். அதற்கு மத்திய வருமான வரியே கிடையாது. வரியில்லாத பணத்தைக் கொண்டுபோய் இங்கே கொட்டப் பார்க்கிறீர்கள்.

முதலில் அந்த நம்பரை பிளாக் செய்யுங்கள். 1,80,000-ஐயும் சேர்ந்த வட்டியையும் கட்டி நகையை மீட்டுக்கொண்டு வாருங்கள். மிச்சத்தைச் சேமிப்புக் கணக்கிலேயே விட்டுவையுங்கள். ஜனவரி உறைபனியில் செடி கருகி, இலை குறைந்த மாதத்தில் பறிப்புக் கூலிக்கு ஆகும். ரேஸ் ஆசை விடவில்லை என்றால் ஒரு நாள் பெங்களூரு போய், தொலைந்தாலும் பரவாயில்லை என்ற 1,000 ரூபாயைப் பையில் வைத்துக்கொண்டு பாருங்கள். ஏடிஎம் கார்டை வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.