விருந்தோம்பி மன்னனின் சதுரக் காசு

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பழைய சாமான் சந்தையில் ஒரு சதுர வெள்ளிக் காசு வாங்கினேன். ஒரு பக்கம் தலைக்கவசம் அணிந்த முகமும் கிரேக்க எழுத்தும். மறுபக்கம் குதிரைவீரனும் புரியாத எழுத்தும். யாருடைய காசு? அசல்தானா?
– வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: நீங்கள் சொல்லும் அமைப்பு, இந்தோ-கிரேக்க (இந்தியாவின் வடமேற்கை ஆண்ட கிரேக்க வழியினர்) மன்னன் பிலோக்ஸெனஸின் திரம்மா என்ற வெள்ளிக் காசுக்குப் பொருந்துகிறது. யானையும் திமில் காளையும் இருந்திருந்தால் முதலாம் அப்போலோடோட்டஸ் என்றிருப்போம். புரியாத எழுத்து கரோஷ்டி, அந்தப் பகுதியின் பழைய எழுத்துமுறை. அதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்: 'மகரஜஸ அபடிஹதஸ பிலஸினஸ'. 'தடுக்க முடியாத மகாராஜன் பிலோக்ஸெனஸினுடையது' என்று பொருள். கிரேக்கப் பெயரின் 'க்ஸெ' அப்பகுதி மொழியான காந்தாரி நாவில் 'ஸி' ஆகிவிட்டது. அந்தப் பெயரைத் தமிழாக்கினால் 'விருந்தோம்பி' என்றே வரும். என்ன அழகான பெயர்!

இவன் கி.மு. 100ஐ ஒட்டி ஆண்டவன் என்பது காசுகளை வைத்துப் போட்ட கணக்கு. ஆய்வாளர்களுக்கிடையே பத்து இருபது ஆண்டு வித்தியாசம் உண்டு. கல்வெட்டும் இல்லை, இவனைப் பற்றி எழுதிவைத்தவர்களும் இல்லை. காசுகளின் சின்னங்களும் அவை கிடைத்த இடங்களும்தான் சாட்சி.

இனி சோதனை. முதலில் எடை. இந்திய அளவுமுறைத் திரம்மா ஏறக்குறைய 2.4 கிராம், தேய்ந்திருந்தால் இன்னும் சற்றுக் குறையும். 4 கிராம் காட்டினால் சந்தேகப்படுங்கள். அடுத்தது அடர்த்தி. தராசில் தண்ணீர்க் குவளையை வைத்துப் பூச்சியமாக்குங்கள். மெல்லிய நூலில் காசைக் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க மூழ்க விடுங்கள். காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். சுத்த வெள்ளிக்கு 10.5, பித்தளை 8.5 அளவில் நிற்கும். காசில் குமிழி ஒட்டியிருந்தால் தராசு கூடுதலாகக் காட்டி, நல்ல வெள்ளியையும் மட்டமாக்கிவிடும். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டால் குமிழி நிற்காது.

இரண்டு தசமத் தராசு இதற்குப் போதாது. 2.40 கிராம் காசுக்கு 0.23 என்று காட்டினால் அடர்த்தி 10.4, 0.24 என்றால் 10.0. கடைசி இலக்கம் ஒன்று புரண்டாலே தீர்ப்பு மாறிவிடும். பித்தளையைக் கழிக்க மட்டும் அது உதவும். மூன்று தசமம் காட்டும் தராசு வைத்திருக்கும் பொற்கொல்லரைத் தேடுங்கள்.

வெள்ளி என்று தெரிந்தாலும் அசல் என்று ஆகிவிடாது. போலி செய்பவர்களும் வெள்ளியில் செய்கிறார்கள். பத்து மடங்கு உருப்பெருக்கியில் விளிம்பைப் பாருங்கள். சுற்றிலும் ஒரு கோடு ஓடினாலோ, பரப்பில் ஊசிமுனைக் குழிகள் நிறைந்து எழுத்தோரங்கள் மழுங்கியிருந்தாலோ அது வார்ப்பு. அச்சில் அடித்த காசில் எழுத்தோரம் கூர்மையாக நிற்கும். கையால் அடித்ததால் ஒன்றுபோல் இன்னொன்று விழாது. அதே வெட்டு, அதே கோணல், அதே சேதத்தோடு வேறொரு காசின் படம் கண்ணில் பட்டால், இரண்டில் ஒன்றாவது போலி.

கேள்வி: காசு கறுத்துக் கிடக்கிறது. வெள்ளி விளக்குப் போல் விபூதி போட்டுத் தேய்க்கலாமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: தயவுசெய்து வேண்டாம். புளியும் வேண்டாம். விபூதித் துகள் நுண்ணிய கீறல்களைப் போடும். எழுத்தும் சின்னமும் தேயும். அந்த மன்னனுக்கு இருக்கும் ஒரே சாட்சியை நாமே அழிப்பதாகும் அது. மண்ணில் நெடுங்காலம் கிடந்த வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கும் தன்மையும் பெற்றிருக்கலாம், அழுத்தினால் உடையும். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு, தினமும் நீரை மாற்றுங்கள். பிறகு மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். ரப்பர் வளையமும் செய்தித்தாளும் பக்கத்தில் இருந்தால் மேலும் கறுக்கும். மிருதுவான பிவிசி உறை நாளடைவில் பச்சைப் பிசினாகிக் காசை அரிக்கும். நம் ஊர் ஈரக் காற்றுக்குச் சிலிக்கா ஜெல் பொட்டலம் கட்டாயம்.

கேள்வி: நமது பழைய மலேசிய 50 காசின் உலோகத்தில் இந்தோ-கிரேக்கரும் நாணயம் அடித்தார்களாமே?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: ஆம். கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டலியோன், அகத்தோக்ளிஸ் என்ற மன்னர்கள் செம்பு-நிக்கல் கலவையில் அடித்தார்கள்; நிக்கல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. 2012இல் புதிய வரிசை வரும்வரை நம் 50 காசில் 75 விழுக்காடு செம்பும் 25 விழுக்காடு நிக்கலும் இருந்தன. பிலோக்ஸெனஸ் காலத்தில் அந்தக் கலவை வழக்கில் இல்லை.